அளவறிந்து கூட்டும் சுமை

எழுபது வயதைக் கடந்த ஒருவர், வாரத்தில் இரண்டு நாள் உடற்பயிற்சி நிலையத்துக்குச் சென்று எடை தூக்குவது தகுமா? மருத்துவத் துறையினர் இதற்கு விடை சொல்லிவிட்டனர். உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகள், 65 வயதுக்கு மேற்பட்டோரும் வாரத்தில் இரண்டு நாளுக்குக் குறையாமல் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்கின்றன. ஆகவே உடல்நலம் பற்றிய கேள்வியாக இதனை நான் எழுப்பவில்லை. அறம் பற்றிய கேள்வியாகவே எழுப்புகிறேன். உடம்பு வேறு, உயிர் வேறு என்று கேட்டு வளர்ந்த நாம், உதிர்ந்து போகும் ஒன்றுக்கு வலுச் சேர்க்க இத்துணை முயல்வது பற்றின் இன்னொரு வடிவம் ஆகாதா? எடையை மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போவது, பொருளை மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போவதிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது? தொடங்கியதை விடாமல் செய்வது அறம் என்றால், எதைத் தொடங்கினாலும் விடாமல் செய்வது அறமாகுமா?

இக்கேள்விகளை நான் புனைந்துகொள்ளவில்லை. முதற்கேள்வியைக் கேட்டவர், ஜினாலயத்தில் என்னருகே அமர்ந்து தோத்திரம் சொல்லும் என் வயதுடைய ஓர் அம்மையார். இரண்டாவதைக் கேட்டவன் கல்லூரியில் பொருளியல் பயிலும் என் பேரன். மூன்றாவதை, மழை கொட்டிய ஒரு கார்த்திகை மாதக் காலையில், ‘இன்று போகவேண்டாம்’ என்று மனம் சொல்லியபோது நானே கேட்டுக்கொண்டேன். நான்கு ஆண்டுகளாக இப்பயிற்சியைச் செய்துவருகிறேன். மூவருக்கும் இன்னும் முழுமையாக விடை சொல்லி முடித்தபாடில்லை.

முதலில் பயிற்சி யாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் ‘ஜிம்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் சகோதரிகளில் பலர், கண்ணாடி முன் நின்று புயத்தை முறுக்கிக் காட்டும் இளைஞரையே நினைக்கின்றனர். நான் செய்வன ஐந்தே பயிற்சிகள். நாற்காலியில் கையூன்றாமல் அமர்ந்து எழுதல். சாய்ந்தமர்ந்து கால்களால் எடைப் பலகையைத் தள்ளுதல். கைப்பிடியை மார்பு நோக்கி இழுத்தல். சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுதல். இரு கைகளிலும் எடையேந்தி இருபது அடி நடத்தல். எட்டு முறை செய்ய இயலும் எடையில் தொடங்கி, பன்னிரண்டு முறை செய்ய இயலும்வரை அதே எடையில் நிற்க வேண்டும். பன்னிரண்டு முறையும் ஒழுங்காக, மூச்சை அடக்காமல், இரண்டு வாரம் தொடர்ந்து செய்ய முடிந்தால் மட்டும் சிறிதளவு எடையைக் கூட்டி, மீண்டும் எட்டிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு தாளின் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். முறையில் கடினம் ஏதுமில்லை. அதனோடு நெடுங்காலம் தங்கியிருப்பதுதான் கடினம்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பயின்ற எவருக்கும் இம்முறை புதிதாகத் தோன்றாது. ‘அறிந்ததிலிருந்து அறியாததற்கு’, ‘எளியதிலிருந்து அரியதற்கு’ என்னும் கற்பித்தல் விதிகளை நாங்கள் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்தோம். அவற்றை மனப்பாடம் செய்வது எளிது. நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில், எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று காண்பதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். படி உயரமாக இருந்தால், ஏறாத பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது வழக்கம். படியை அமைத்தவரை ஒருவரும் கேட்பதில்லை.

உடற்பயிற்சி நிலையத்திலும் இதே குறையைக் கண்டேன். அங்குள்ள ‘டம்பெல்’ எனப்படும் கையெடைகள் இரண்டரைக் கிலோ, ஐந்து கிலோ, ஏழரைக் கிலோ என்று அடுக்கப்பட்டிருந்தன. இருபது கிலோ ஏந்தும் இளைஞனுக்கு அடுத்த படி என்பது அவன் சுமையில் எட்டில் ஒரு பங்கு. இரண்டரைக் கிலோ ஏந்தும் மூதாட்டிக்கோ அடுத்த படி என்பது இருமடங்கு. அடுக்கு இருவருக்கும் ஒன்றுதான், ஏற்றம் ஒன்றன்று. பழைய நூற்சேலையில் சிறு பைகள் தைத்து, ஒவ்வொன்றிலும் கால் கிலோ மணல் நிரப்பி, கையெடையோடு ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டேன். இரண்டரையிலிருந்து ஐந்துக்குச் செல்ல எனக்குப் பத்துப் பைகளும் ஏழு மாதங்களும் ஆயின. பயிற்சி தரும் பெண்ணுக்கு இருபத்தாறு வயதிருக்கும். முதலில் சிரித்தாள், பிறகு, “டீச்சரம்மா, இன்னொரு பத்துப் பை தைச்சுக் குடுங்க, வர்ற மத்த அம்மாக்களுக்கும் ஆகும்” என்றாள். தைத்துக் கொடுத்தேன்.

இம்முறைக்கு மருத்துவத்தில் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், சிகாகோ நகரின் படைத்துறை மருத்துவமனை ஒன்றில் தாமஸ் டிலார்ம் என்னும் இளம் மருத்துவர் பணியாற்றினார். இளமையில் மூட்டுவாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பின்னர் எடை தூக்கியே உடலைத் தேற்றிக்கொண்டவர் அவர். முழங்கால் அடிபட்ட வீரர்கள் மாதக்கணக்கில் தேறாமல் படுக்கைகளை நிரப்பிக்கொண்டிருந்தனர். மிகச் சிறிய எடையைப் பலமுறை அசைப்பதே அந்நாளைய வழக்கம். டிலார்ம் அதனை மாற்றி, நோயாளி பத்து முறை மட்டுமே தூக்க இயலும் எடையைக் கண்டறிந்து, அதனையே அளவுகோலாகக் கொண்டார். 1945இல் வெளியிட்ட கட்டுரையில் இதனைக் ‘கனத்த எதிர்ப்புப் பயிற்சி’ என்றே அழைத்தார். 1948இல் வாட்கின்ஸ் என்னும் மருத்துவரோடு எழுதிய கட்டுரையிலோ, ‘படிப்படியாக வளரும் எதிர்ப்புப் பயிற்சி’ என்று பெயரை மாற்றினார். அளவையும் குறைத்தார். முதலில் ஏழு முதல் பத்துச் சுற்றுகள் செய்வித்தவர், மூன்று சுற்றுகளே போதும் என்றார்: முதற்சுற்று அளவுகோலில் பாதி எடையோடு, அடுத்தது முக்கால் எடையோடு, இறுதிச்சுற்று முழு எடையோடு. கனம் என்ற சொல் போய், படி என்ற சொல் வந்ததை நான் மிகவும் மதிக்கிறேன். தாம் கண்ட உண்மையின் சாரம் பாரத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது என்பதை அவர் மூன்றே ஆண்டுகளில் உணர்ந்துகொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதைவிடப் பழையதொரு கதையும் உண்டு. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த குரோட்டன் நகரத்து மைலோ என்னும் கிரேக்க மல்லன், ஒரு கன்றை நாள்தோறும் தூக்கிச் சுமந்தானாம். கன்று வளர வளர அவன் வலிமையும் வளர்ந்து, இறுதியில் முழுக்காளையையே சுமந்தானாம். படிப்படியான பயிற்சியைப் பற்றிப் பேசுவோர் எல்லாரும் இக்கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. எனக்கு இக்கதை உவப்பாக இல்லை. கன்று தன் போக்கில் வளர்கிறது. தன்னைச் சுமப்பவனுக்கு அன்று காய்ச்சலா, அவன் நேற்றிரவு உறங்கினானா என்று அது பார்ப்பதில்லை. மனித உடம்போ சில மாதம் வளர்ந்து, சில மாதம் அசையாமல் நின்று, சில வாரம் பின்னோக்கியும் செல்லும். எனக்கு இரண்டாம் ஆண்டில் ஐந்து மாதம் முழுதும் ஒரு பைகூடக் கூடவில்லை. கன்றைச் சுமந்திருந்தால் அப்போதே முதுகு ஒடிந்திருக்கும். சுமப்பவனுக்காகக் காத்திருக்கும் சுமைதான் பயிற்சி ஆகும். காத்திராத சுமைக்குத் தண்டனை என்றும் பிழைப்பு என்றும் வேறு பெயர்கள் உண்டு.

முதிர்ந்த வயதில் வலிமை வளருமா என்று ஐயுறுவோர்க்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். போஸ்டன் நகரில் முதியோர் காப்பகம் ஒன்றில் 86 முதல் 96 வயதுக்குட்பட்ட பத்துப் பேரைக்கொண்டு மரியா ஃபியாட்டரோன் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் எட்டு வாரம் கால்தசைப் பயிற்சி செய்வித்து, அதன் முடிவை 1990இல் வெளியிட்டனர். ஒன்பது பேர் முழுமையாகச் செய்துமுடித்தனர். அவர்களுடைய கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொடைத் தசையின் பருமனோ ஏறக்குறைய 9 விழுக்காடுதான் கூடியது. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவு என்னைப் பெரிதும் மகிழ்வித்தது. தொடக்க வாரங்களில் வளரும் வலிமையின் பெரும்பகுதி, தசை பருத்ததால் வருவதன்று. இருக்கும் தசையை நரம்புகள் ஏவக் கற்றுக்கொள்வதால் வருவது. தொண்ணூறு வயதிலும் உடம்பு பாடம் கற்கிறது என்றால், ஓர் ஆசிரியைக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன இருக்க முடியும்!

ஆனால் அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் வலிமை 32 விழுக்காடு குறைந்தது. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் என் பேரனுக்கு விடை சொன்னேன்.

அவன் வாதம் வலியது. “பாட்டி, போன மாசம் நாலரைக் கிலோ, இந்த மாசம் நாலேமுக்கால், அடுத்த மாசம் அஞ்சுன்னு நோட்டுல எழுதறீங்க. வட்டிக் கணக்கு எழுதறவங்களும் இப்படித்தானே எழுதறாங்க?” என்றான். நான் சொன்னது இது: பொருளைச் சேர்த்து வைக்கலாம், பூட்டலாம், பிள்ளைக்கு விட்டுச் செல்லலாம். உடல் வலிமையை இம்மூன்றும் செய்ய முடியாது. செலவழித்தால்தான் இருக்கும், வைத்திருந்தால் போய்விடும். பிறரிடமிருந்து எடுத்துச் சேர்க்கவும் முடியாது. நான் வலுப்பெற்றதால் எவர் கையும் மெலியவில்லை. எனவே இதனை மிகுபொருள் விரும்புதலோடு ஒப்பிடுவது பொருந்தாது.

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஆசையின் குற்றம் பொருளில் இல்லை, ‘இன்னும்’ என்ற சொல்லில் இருக்கிறது என்றான். இதில் உண்மை இருப்பதை மறுப்பதற்கில்லை. அந்நிலையத்துக்கு வரும் இளைஞர் சிலர், தூக்க இயலாத எடையைத் தூக்கி, கைப்பேசியில் படம் பிடித்துப் பிறருக்கு அனுப்புகின்றனர். எடைக்கும் தமக்கும் இடையில் பார்ப்பவர் ஒருவர் எப்போதும் நிற்கிறார். அவர்களுள் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சென்றவர், பிறகு வரவேயில்லை. நம் ஊர்ப்புறங்களில் இளவட்டக்கல் தூக்கும் வழக்கம் இருந்தது; இன்றும் பொங்கல் விழாவில் சில ஊர்களில் தூக்குகின்றனர். ஒருநாள் ஊரார் முன்னே கல்லைத் தோளுக்கு மேல் எறிந்துவிட்டால் அதோடு முடிந்தது. அது வீரம், அதற்கும் ஓர் அழகு உண்டு. அதனைப் பயிற்சியோடு குழப்பிக்கொள்ளும்போதுதான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

பேரன் வாதத்தில் பாதியை ஏற்றுக்கொண்டு, என் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் மூன்று எல்லைகளை மையினால் எழுதி வைத்தேன். பொருளுக்கு வரையறை செய்துகொள்ளும் இல்லறத்தார் விரதத்தையே இதற்கு முன்மாதிரியாகக் கொண்டேன். தரையிலிருந்து கையூன்றாமல் எழவேண்டும். எட்டுக் கிலோ எடையுள்ள நீர்க்குடத்தைத் தரையிலிருந்து அடுப்பு மேடைக்கு ஏற்றவேண்டும். சிரவணபெளகொளத்தில் விந்தியகிரியின் அறுநூறுக்கு மேற்பட்ட படிகளை என் காலால் ஏறி இறங்க வேண்டும். முதலிரண்டும் நிறைவேறிவிட்டன. அவற்றுக்குரிய பயிற்சிகளில் எடையை மேலும் கூட்டுவதில்லை. அதே எடையில் நிற்கிறேன். நிற்பது ஏறுவதைவிடச் சலிப்பானது என்பதையும் சொல்ல வேண்டும். கூடும்போது மனத்துக்கு ஒரு தின்பண்டம் கிடைக்கிறது, நிற்கும்போது கிடைப்பதில்லை. என் பேரன் சொன்ன ‘இன்னும்’ என்பது அப்போதுதான் எனக்கும் நன்றாகப் புலப்பட்டது.

இனி அம்மையாரின் கேள்வி. “இறுதியில் கழற்றிப் போடப்போகும் சட்டைக்கு ஏனம்மா இத்தனை தையல்?” என்பது அவர் சொன்ன வாசகம். இதற்கு நூலறிவால் விடை சொல்ல எனக்குத் தகுதி போதாது. ஆயினும் கற்றோர் வாயிலாகக் கேட்ட இரண்டு செய்திகளை நினைவூட்ட விரும்புகிறேன். தீர்த்தங்கர நிலைக்குக் காரணமாகச் சொல்லப்படும் பதினாறு பாவனைகளில் தவமும் தியாகமும் இடம்பெறும்போது, இரண்டுக்கும் ‘ஆற்றலுக்கேற்ப’ என்னும் அடைமொழி சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆற்றலை மறைக்கவும் கூடாது, மீறவும் கூடாது என்பதே இதன் கருத்து என்று பெரியோர் விளக்குவர். அங்ஙனமாயின், தன் ஆற்றல் எவ்வளவு என்று அறிவதும், அறியாமையாலும் சோர்வாலும் அதனைத் தேயவிடாமல் காப்பதும் தவத்துக்குப் புறம்பான செயல்கள் ஆகா. இருநாழிகை சாமாயிகத்தில் அசையாமல் அமர முதுகு வேண்டும். அமர்ந்தபின் எழ முழங்கால் வேண்டும்.

மற்றொன்று சல்லேகனை பற்றியது. உடம்பைத் துறப்பதன் உச்சமாக நாம் போற்றும் அந்நோன்பு எப்போது மேற்கொள்ளத்தக்கது என்று சொல்லும்போது, சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் என்று கூறி, அவை மாற்றுவழி அற்றனவாக இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. மாற்றுவழி உள்ளபோது உடம்பைக் கைவிடுவது அந்நூலின் நோக்கமன்று. தொடை மெலிந்து எழமுடியாமல் போவதற்கு மாற்று உண்டு. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். இருந்தும் அதனைச் செய்யாமல் ‘எனக்கு உடம்பில் பற்றில்லை’ என்று சொன்னால், அச்சொல்லை நான் சற்று ஐயத்தோடுதான் கேட்பேன். பற்றின்மையும் சோம்பலும் ஒரே நாற்காலியில் ஒரே மாதிரி அமர்ந்திருக்கும். தொலைவிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது.

இதனைச் சொல்லும்போது இன்னொன்றையும் உடனே சொல்லிவிட வேண்டும். வலிமை புண்ணியமன்று. படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவர், அமைதியால் வீட்டையே ஒளிரச் செய்வதை நாம் கண்டிருக்கிறோம்; கல்லைப்போன்ற உடம்புடையார் கல்லைப்போன்ற நெஞ்சுடையராக இருப்பதையும் கண்டிருக்கிறோம். நோயால் எழமுடியாதவரைப் பார்த்து, ‘பயிற்சி செய்திருக்கலாமே’ என்று சொல்வது கொடுமை. நான் பேசுவது, இயலும் நிலையில் இருந்தும் இயலாதவர்போல் நடந்துகொள்ளும் நம் போன்றோரைப் பற்றி மட்டுமே. நம் குடும்பங்களில் பெண்களுக்கு ஐம்பது வயது ஆனதும் ‘நீங்க ஒக்காருங்கம்மா’ என்று சொல்லிவிடுகின்றனர். அன்பால் சொல்லும் சொல்தான். அந்த அன்பிலேயே இருபது ஆண்டு உட்கார்ந்துவிட்டால், பிறகு எழுப்புவதற்கு இருவர் வேண்டும்.

உணவு பற்றி ஓரிரு சொற்கள். பயிற்சி தரும் பெண் முதல் வாரமே முட்டையைப் பரிந்துரைத்தாள். நம் வழக்கத்தைச் சொன்னேன், புரிந்துகொண்டாள். முதியோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று முதியோர் மருத்துவ வல்லுநர்கள் கூறுகின்றனர். என் எடை 50 கிலோ. ஆகவே 50 முதல் 60 கிராம். நூறு கிராம் பாசிப்பயறில் ஏறத்தாழ 24 கிராம் இருக்கிறது. பயறு, உளுந்து, கடலை, பால், தயிர் ஆகியவற்றைக் கொண்டு கணக்கை நிறைவு செய்துவிடலாம். ஒரு கைப்பிடி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி பருப்பைக் கூட்டினாலே பாதி வழி வந்துவிடும். பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர்கள் மாலையில் பயிற்சி செய்தால் அதன்பின் உண்ண நேரமிராது, காலையே ஏற்றது. அட்டமி, சதுர்த்தசி நாள்களில் முழு உபவாசம் இருப்போர் அன்றும் மறுநாளும் எடை தூக்குதல் கூடாது என்பது என் முடிவு. திதி கிழமையோடு ஒத்து வருவதில்லை. எனவே என் பயிற்சி நாள்களைக் கிழமையால் குறிக்காமல், ஒவ்வொரு திங்கள் தொடக்கத்திலும் நாள்காட்டியைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். இது சிறு தொல்லைதான். இரண்டு நோன்புகளை ஒரே நாளில் வைத்து இரண்டையும் கெடுப்பதைவிட இத்தொல்லை மேல்.

மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். விடாமல் செய்வது என்பதற்காகவே ஒன்று நல்லதாகிவிடாது. சூதாடச் செல்பவனும் நாள் தவறாமல்தான் செல்கிறான். உறுதிக்கும் பிடிவாதத்துக்கும் வேறுபாடு என்ன என்று பலகாலம் எண்ணியிருக்கிறேன். பிடிவாதம் தன்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. உறுதி திரும்பிப் பார்க்கும், ஆனால் அதற்கென ஒரு நேரம் வைத்திருக்கும். என் வழக்கம் இதுவே: ஒவ்வொரு திங்களின் கடைசி நாளன்று, இப்பயிற்சியைத் தொடர்வதா, குறைப்பதா, விடுவதா என்று குறிப்பேட்டை வைத்துக்கொண்டு முடிவு செய்கிறேன். விட்டுவிடும் உரிமை அன்று எனக்கு முழுமையாக உண்டு. மழை கொட்டும் காலையில் அவ்வுரிமை இல்லை. முழங்கால் வீங்கியிருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ செல்வதில்லை. அதற்கு முடிவு எதுவும் தேவையில்லை, உடம்பே சொல்லிவிடுகிறது. ‘மனமில்லை’ என்பதை மட்டும் காரணமாக ஏற்பதில்லை. வழக்காடுபவனே நீதிபதியாக அமரும் வழக்கு எப்படி முடியும் என்பது தெரிந்ததே. அந்தக் கார்த்திகைக் காலையில் குடை பிடித்துக்கொண்டு சென்றேன். அன்று சிறப்பாக ஒன்றும் நிகழவில்லை. எட்டு முறை செய்தேன், திரும்பி வந்தேன்.

ஆயினும் தவறாமல் செல்வதைவிட, தவறியபின் திரும்பிச் செல்வதையே பெரிதாக மதிக்கிறேன். சனவரி மாதத்தில் அந்நிலையத்தில் நிற்க இடமிராது; ஏப்ரலில் மின்விசிறிகள்தாம் சுழன்றுகொண்டிருக்கும். ஓராண்டுக் கட்டணத்தை முன்னதாகவே வாங்கிக்கொள்ளும் நிலையங்களுக்கு இதனால் இழப்பில்லை. வராதவர்களால்தான் அவர்களுக்கு ஆதாயம். மனிதர் தம் சொல்லைத் தாமே காப்பாற்ற மாட்டார் என்ற கணக்கின்மேல் ஒரு வாணிகம் நடப்பதை நான் விரும்பவில்லை. மாதந்தோறும்தான் கட்டுகிறேன், சற்றுக் கூடுதலாக ஆனாலும். போனவர்கள் ஏன் திரும்புவதில்லை? சோம்பலைவிட நாணமே பெருங்காரணம் என்பது என் கணிப்பு. திருமணம், காய்ச்சல், பேறுகாலம் என்று ஏதோ ஒன்றால் மூன்று வாரம் நின்றுவிடுகிறது. திரும்பி வந்தால் பழைய எடையைத் தூக்க முடியவில்லை. குறைந்த எடையை எடுக்கப் பிறர் முன் கூச்சம். பழைய எடையையே எடுத்தால் வலி. இரண்டுமே வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன.

நம் விரதநூல்கள் இவ்விடத்தில் நுட்பமாக ஒரு பகுப்பைச் செய்திருக்கின்றன. விரதத்தில் ஏற்படும் பழுது வேறு; விரதத்தை அழித்துவிடுவது வேறு. பழுதை அதிசாரம் என்பர். ஒவ்வொரு விரதத்துக்கும் இவ்வகையில் ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணிச் சொல்கிறது. பழுது நேரும் என்று முன்கூட்டியே பெயரிட்டு வைத்திருப்பதில் எவ்வளவு இரக்கம்! பழுது நேர்ந்தவர் அதனை உணர்ந்து சரிசெய்துகொண்டு மேலே செல்லலாம்; ‘ஒருமுறை தவறிற்று, இனி எல்லாம் போயிற்று’ என்று கையை விரிக்க வேண்டியதில்லை. பள்ளியில் அம்மை கண்டு ஒரு மாதம் வராதிருந்த பிள்ளை திரும்பும்போது, அன்றைய பாடத்திலேயே அமர்த்தினால் பத்து நாளில் மீண்டும் நின்றுவிடும். இரண்டு பாடம் பின்னே சென்று அழைத்து வந்தால் மாதக் கடைசியில் மற்றவரோடு நிற்கும். பயிற்சி மாணவியர்க்கு இதனை ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறேன். நானும் பயிற்சிக்கு இடைவெளி நேர்ந்து திரும்பும்போதெல்லாம், விட்ட எடையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துத்தான் தொடங்குகிறேன். முன்பு கற்றதை உடம்பு முற்றிலும் மறப்பதில்லை. முதன்முறை ஏழு மாதத்தில் ஏறிய படிகளை இரண்டாம் முறை ஆறே வாரத்தில் ஏறினேன்.

இவ்வளவும் என்னைப் பற்றியதாகவே தோன்றலாம். ஆனால் நான் தூக்காத என் எடை எங்கேயும் போய்விடுவதில்லை, வேறொருவர் தூக்குகிறார். குளியலறைக்கு அழைத்துச் செல்லும் மருமகள் தூக்குகிறாள். இரவில் எழுப்பி அமர்த்தும் மகன் தூக்குகிறான். கூலிக்கு வரும் பெண், தன் இடுப்பு நோவோடு, தூக்குகிறாள். மூப்பில் பிறர் உதவி பெறுவது இழிவன்று. குழந்தையாய் இருந்தபோது பெற்றோம், மீண்டும் பெறுவோம். ஆனால் பெறவேண்டிய காலத்துக்குப் பத்தாண்டு முன்னரே அதனைப் பெறத் தொடங்குவது, பிறர் உழைப்பைக் கேளாமல் எடுத்துக்கொள்வதற்கு நெருங்கிய செயல் அல்லவா?

சம்மேதசிகரத்திலும் சிரவணபெளகொளத்திலும் டோலி சுமப்போரை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். பல ஆண்டுகளுக்கு முன், விந்தியகிரி அடிவாரத்தில் ஒரு டோலிக்காரரின் தோளைப் பார்த்தேன். கழி அழுந்தும் இடத்தில் தோல் காய்த்துக் கறுத்திருந்தது. எறும்பையும் மிதிக்காமல் விலகி நடக்கும் நாம், அத்தோளின்மேல் அமர்ந்து மலையேறிப் போய்த் தொழுதுவிட்டு வருகிறோம். டோலியே கூடாது என்று நான் சொல்லவில்லை. இயலாதவர் தொழவேண்டும், சுமப்பவர் குடும்பமும் உண்ணவேண்டும். இயலாமை மெய்யானதா என்பதை அமரும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறேன். அக்கேள்வியை மலையடியில் கேட்பதற்குக் காலம் கடந்திருக்கும், ஈராண்டு முன்னரே கேட்டிருக்க வேண்டும்.

குறிப்பேட்டில் மூன்றாவது எல்லை இன்னும் அடிக்கப்படாமல் இருக்கிறது. சென்ற ஆடியில் எங்கள் வீட்டு மாடிப்படிகளை, அவை பதினெட்டு, பன்னிரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்தேன். இடையில் இருமுறை அமர்ந்தேன். அறுநூறுக்கு இன்னும் பெருந்தொலைவு இருக்கிறது. வரும் தை மாதத்தில் செல்வதாக எண்ணம். பாதி வழியில் கால் மறுத்துவிடவும் கூடும்; அவ்வாறாயின் அங்கிருந்து டோலிதான். பாதி வழிதானே என்று கூலியில் பாதியைக் கழிக்கக் கூடாது என்பதை மட்டும் மகனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.